குழாய் தலையில் கவிழ்ந்த பானை

காலையில் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைத் திறந்து கரியைப் போட்டு விசிறத் தொடங்கினால், அந்த வாசனை மாடி ஏறி என் எழுத்து மேஜைக்கு வந்துவிடும். பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் கிடக்கிற கரியின் வாசனை. அது மூக்கில் பட்டதும் எழுதிக்கொண்டிருந்த வரியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலையும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறேன். "அம்மாவுக்கு செஞ்சி வந்துடுச்சு" என்று என் பெண் சமையலறையிலிருந்து சொல்வாள், யார் மேலோ சாமி வந்ததைச் சொல்வதுபோல.

எனக்கு வருவது செஞ்சி இல்லை. ஜன்னல் நர்ஸம்மா.

ஆண்டவன் பூமியில் விதைத்த கோபத்தில் முக்கால்வாசி தென்னார்க்காடு ஜில்லாவில்தான் விழுந்தது. அதில் முக்கால்வாசியை நர்ஸம்மா ஒருவரே அறுவடை செய்து வைத்திருந்தார். மற்றவர்களுக்குக் கோபம் வர ஆயிரம் காரணம் உண்டு. அவருக்கு ஒன்றே ஒன்று போதும், மூடிய ஜன்னல். தெருவில் நடந்து போகும்போது எந்த வீட்டு ஜன்னலாவது சாத்தியிருந்தால், குடைக் காம்பால் தட்டுவார். உள்ளேயிருந்து யாராவது "யாரு?" என்றால், "காத்து" என்று சொல்லிவிட்டு நடப்பார். அவர் பெயர் என்னவென்று கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜன்னல் நர்ஸம்மா என்றால் கைக்குழந்தையும் திரும்பிப் பார்க்கும். அந்தக் கைக்குழந்தையை இந்த உலகத்துக்குள் இழுத்துப் போட்டவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை, அதன் மாடியில் நாங்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விடவென்று முதலாளி அந்த மாடியை அறை அறையாகத் தடுத்திருந்தார். மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பலகை அறைந்த சுவர்கள். பலகைகளெல்லாம் ஜவுளி வந்த பெட்டிகளை உடைத்தவை. எந்தப் பக்கம் மேலே இருக்கவேண்டும் என்று காட்டுகிற அம்புக்குறி என் தலைமாட்டில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளியின் கட்டட ஞானம் அந்த அம்புக்குறியில் அடங்கும். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அறையில் என்னோடு சரோஜா, தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். அடுத்த அறையில் நர்ஸம்மா. நடுவில் ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் அவர் திரும்பிப் படுத்தால் இந்தப் பக்கம் எங்களுக்குப் பயம் வரும்.

மாடியின் ஜன்னல்கள் எல்லாம் அவர் ஆட்சியில் இருந்தன. மழையோ, புழுதியோ, செஞ்சி மலைப் பாறைகள் வாங்கி வைத்துத் திருப்பி வீசும் வெயிலோ, ஜன்னல் திறந்தே இருக்கவேண்டும். ஒருநாள் கோட்டையிலிருந்து ஊருக்குள் இறங்கின குரங்கு ஒன்று அப்படித் திறந்த ஜன்னல் வழியாக வந்து சரோஜாவின் பவுடர் டப்பாவையும் நான் திருத்தி வைத்திருந்த பரீட்சைத் தாள்களில் ஒரு கட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எதிர்க் கூரையில் உட்கார்ந்து முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, மூன்றாம் வகுப்பு மாணவிகளின் கணக்கைச் சரிபார்த்தது. நான் அழுதுகொண்டே போய் நர்ஸம்மாவிடம் சண்டை போட்டேன்.

"இன்னா டீச்சரு, கொரங்கப் போய் கொற சொல்ற?" என்றார். "அதுக்கு மூச்சு முட்டுனா வெளிய போவத் தெரியுது. உங்க ரெண்டு பேருக்கும் தெரியலயே."

"ஜன்னலைச் சாத்தினா குரங்கே வராது நர்ஸம்மா."

"சாத்துனா நீயே வரமாட்ட. நாலு பேரு தூக்கிக்கினு வரணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோட்டைக்கு அழைத்துப்போன தப்பையும் செய்தோம். நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தார். சுற்றிப் பார்த்தார். வெளியூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் வௌவால்களைக் காட்டிக் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தது.

"ராஜாவாம் ராஜா" என்று தொடங்கினார், அந்தச் சுவர்கள் ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிச் சொல்ல. "இம்மாம் பெரிய கெட்டடம் கட்டத் தெரிஞ்சவனுக்கு ஒரு சன்னல் வெக்கத் துப்பு இல்ல. உள்ள கெடந்த நெல்லு மூச்சு வுடாமயே செத்திருக்கும்."

"நெல்லு மூச்சு விடுமா நர்ஸம்மா?" என்றாள் சரோஜா.

"நீ வுடறியா? அதச் சொல்லு மொதல்ல."

வெளியே வந்து, நாலு பக்கமும் வளைவு வளைவாகத் திறந்து கிடக்கிற கல்யாண மகாலைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் இளகியது. "இவன் மனுஷன். இவன் பொண்டாட்டிக்கு நல்லபடியா கொழந்த பொறந்திருக்கும்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

சரோஜாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவள் குளிக்கும்போது பாடுவாள். குளியல் முடியும்வரை பாடுவாள், பாட்டு முடியும்வரை குளிப்பாள். இதில் எது எதற்காக நீள்கிறது என்று யாருக்கும் தெரியாது. சினிமாப் பாட்டுதான். ராகம் மட்டும் அவளுடைய சொந்தம். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கீழே கடையில் துணி கிழிக்கிற ஆள் ஒரு கணம் கையை நிறுத்துவான். நர்ஸம்மாவுக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. "ஏய், யாரோ உன்னைக் கொல்றாங்கன்னு நெனச்சு ஜனங்க ஓடியாறப் போறாங்க, நிறுத்துடி" என்று தினமும் தன் அறையிலிருந்து குரல் கொடுப்பார். குளியலறையிலிருந்து பாட்டு இன்னும் உரக்க வரும்.

இப்படி இருந்த வீட்டுக்குள் வந்து இறங்கியது அந்தப் பாய்லர்.

பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டைக் காலி செய்து ஊருக்குக் கப்பலேறியபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். முதலாளி அங்கே போய் ஒரு செம்பு வெந்நீர் பாய்லரை எடுத்து வந்துவிட்டார். ஆள் உயரம். அடியில் கரி போடும் அடுப்பு, நடுவில் புகை ஏறும் குழல், குழலைச் சுற்றித் தண்ணீர். செஞ்சியிலேயே அப்படி ஒன்று கிடையாது. ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றுங்கள் என்று நாங்கள் வருஷம் பூராவும் கேட்டோம். அதற்குப் பதிலாக இது. ஒழுகும் தண்ணீரைச் சூடாக்கிக் குளியுங்கள் என்று அர்த்தமோ என்னவோ.

அதை மாடிக் குளியலறையில் நிறுத்தினார்கள். குளியலறை என்றால் மொட்டைமாடி ஓரத்தில் நாலு சட்டம் அடித்துப் பலகையால் மூடின பெட்டி, தலைக்கு மேலே ஒரு தகரம். பாய்லரின் புகைக் குழல் அந்தத் தகரத்துக்கு ஒரு முழம் கீழே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதற்கு மேல் முதலாளி எதுவும் யோசிக்கவில்லை.

நர்ஸம்மா சுற்றி வந்து பார்த்தார். "பொகை எப்டி போவும்?"

"அது கரிதானே நர்ஸம்மா, வெறகா? பொகையே வராது" என்றார் முதலாளி. "குளிக்கற ரூம்ல கொஞ்சம் கதகதன்னு இருந்தா நல்லதுதானே."

அவ்வளவுதான். நர்ஸம்மா குளியலறை வாசலில் மருந்துப் பையை வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பொகை வந்தா கண்ணு எரியும், இருமல் வரும், ஆளு எழுந்து ஓடிப்பூடும். பொகை நல்லது. இது பொகை இல்ல. நல்லா செவந்த கரிதான் மோசம். அதுலேர்ந்து வர்ற காஸுக்கு நெறமும் இல்ல, மணமும் இல்ல. தாலாட்டு பாடறாப்போல தூங்க வெச்சுடும். கதவு சாத்தன ரூம்புல அத வெக்கறதும் அரளி வெதய அரச்சுக் குடுக்கறதும் ஒண்ணு. பனமலை பக்கத்துல ஒரு வூட்ல…"

அங்கே நிறுத்திக்கொண்டார். அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

முதலாளி சிரித்துக்கொண்டே கீழே இறங்கிக் கடைக்குப் போனார். நர்ஸம்மாவும் பின்னாலேயே இறங்கினார். அன்று முகூர்த்தக் கூட்டம். அனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்து பாயில் உட்கார்ந்து கூறைப்புடவை பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணுக்கும் அவள் அத்தைக்கும் நடுவில் நின்றுகொண்டு நர்ஸம்மா கேட்டார், தெரு முனை வரைக்கும் கேட்கும்படி: "மொதலாளி, மேல நாளைக்குப் பொணம் வுழுந்தா இந்தப் படி வழியா எறக்கலாமா, இல்ல பின்பக்கமா? கேட்டு வெச்சுக்கறேன்."

அத்தை புடவையைக் கீழே வைத்தாள். பெண்ணின் நைனா எழுந்து நின்றார்.

"இன்னா வேணும் நர்ஸம்மா, அத செய்யறேன், மேல போங்க, தாயே" என்றார் முதலாளி. அவருடைய வாயிலிருந்து தாயே என்ற சொல் வந்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் தச்சரும், தகரக்கடை பாயும் வந்தார்கள். குழாய் ஒரு சாண் அகலம். நர்ஸம்மா சுவரில் அதைப்போல மூன்று மடங்கு அகலத்துக்குக் கரிக்கட்டியால் வட்டம் போட்டார். தச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இது குழாய்க்கா, கொழந்த உள்ள வந்து போறதுக்கா?" என்றார்.

"சுடற குழாய் மரத்த தொடக்கூடாது. நாலு நாள் தொட்டா மரம் காயும். நாப்பது நாள் தொட்டா கருகும். அப்பறம் ஒருநாள் யாரும் கொளுத்தாமயே புடிச்சுக்கும். குழாய சுத்தி ஒரு தகர வளையம், ரெண்டுத்துக்கும் நடுவுல வெறும் எடம். வளையத்த சுத்தி செங்கல்லு துண்டும் களிமண்ணும். அதுக்கப்பறம்தான் மரம். புரியுதா?"

"களிமண்ணுல வைக்கோல் கலக்கட்டுமா, புடிச்சு நிக்கும்" என்றார் தச்சர்.

"கலந்துக்கோ. அப்டியே கொஞ்சம் சீமெண்ணெயும் ஊத்திக்கோ."

குழாய் பாய்லரிலிருந்து சாய்வாக ஏறிச் சுவரைத் தாண்டி வெளியே போயிற்று. சுவரில் ஒரு சின்ன ஜன்னலும், கதவின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறப்பும் அறுத்துவிடச் சொன்னார், புதுக் காற்று வர. நாங்கள் கூச்சப்பட்டோம். "உன் கால் கட்டவிரல் பாத்து எவன் மயங்கப் போறான்" என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் தெரிந்தவர்போல நின்றாரே தவிர, முதல் நாள் அவரும் கோட்டை விட்டார். குழாயின் வாயை நேராக மேற்கே பார்க்க வைத்துவிட்டார். மேற்கே மலை. மலைக் காற்று வந்தது, குழாய்க்குள் புகுந்தது, அடுப்பிலிருந்த சாம்பல் முழுவதையும் வாரி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நர்ஸம்மாவின் முகத்தில் போட்டது. வெள்ளைச் சேலையோடு உள்ளே போனவர் சாமியார் மாதிரி வெளியே வந்தார். தகரக்கடை பாய் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

"இன்னா சிரிப்பு? காத்து எங்கேர்ந்து வருதுன்னு உள்ளூர்க்காரன் நீ சொல்ல வேணாமா?" என்று அந்தக் குற்றத்தையும் பாயின் தலையில் கட்டினார். பிறகு வெளியே முழங்கைபோல வளைந்த ஒரு குழாய்த் துண்டை மாட்டி, குழாயை நிமிர்த்திக் கூரைக்கு மேல் ஆள் உயரம் கொண்டுபோய், உச்சியில் மழை விழாமல் தகரத் தொப்பி ஒன்றை இடைவெளி விட்டு வைத்தார்கள். கரியைப் பற்ற வைத்தார்கள். தொப்பிக்குக் கீழே காற்று கானல் மாதிரி நெளிந்தது. நர்ஸம்மா மண் வளையத்தை ஒட்டின பலகையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், நாடி பார்ப்பதுபோல.

"ஜில்லுனு இருக்குது" என்றார்.

அதன்பிறகு தினமும் காலையில் அந்தப் பலகையை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிராமத்துக்கு பஸ் ஏறப் போவார்.

குழாய் ஊரில் பேச்சாகிவிட்டது. புதுத் தகரம் வெயிலில் பளபளவென்று மின்ன, சந்தைக்கு வந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மேல்சித்தாமூரிலிருந்து நெல் விற்க வந்தவர்கள் வண்டியை நிறுத்தி, "ஏயப்பா" என்றார்கள். வெந்நீர் வருவதைப் பார்க்கவென்றே முதலாளியின் சொந்தக்காரர்கள் மாடியேறி வந்தார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை தாங்காத இடத்தில் அடுத்து என்ன வரும்? பயம் வரும். இத்தனை கண் படுகிறதே என்று அவரும் குழாயை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்.

கார்த்திகை அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை. நர்ஸம்மா முதல் நாள் ஒரு பிரசவத்துக்குப் போய்க் கண் விழித்துத் திரும்பி அறையில் படுத்திருந்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி ஏணி வைத்துக் கூரைமேல் ஏறியிருக்கிறார். கையில் ஒரு பானை. வயலில் நட்டு வைப்பார்களே, கரி பூசி, சுண்ணாம்புப் புள்ளி குத்தி, முட்டைக் கண்ணும் முறுக்கு மீசையும் வரைந்த திருஷ்டிப் பானை, அதே. அதைக் கொண்டுபோய்த் தகரத் தொப்பியோடு சேர்த்துக் குழாயின் தலையில் கவிழ்த்துவிட்டார். காற்றில் ஆடிக் கீழே விழக்கூடாதே என்று, ஜவுளிக்கடைக்காரர் அல்லவா, பானைக் கழுத்துக்கும் குழாய்க்கும் நடுவில் நல்ல மல் துணியைச் சுற்றி இறுக்கி அடைத்தார். சூடம் காட்டிவிட்டு இறங்கினார்.

மனிதர்கள் முட்டாள்தனம் செய்வார்கள், அதை நான் பொறுத்துக்கொள்வேன். இவ்வளவு சிரத்தையாக, இவ்வளவு நேர்த்தியாக, நல்ல துணி போட்டுச் செய்ததைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்களுக்கு அது தெரியாது. சரோஜாவுக்கு அன்று தலைமுழுக்கு. மழைச் சாரலென்று குளியலறையின் சின்ன ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். கதவடியில் திறப்பு இருந்தாலும் மேலே வழி அடைத்துக் கிடந்தது. பாட்டு ஆரம்பித்தது. நான் அறையில் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் வழக்கமான குரல், தூக்கக் கலக்கத்தோடு: "தூங்கவும் வுடமாட்டா. ஏய், நிறுத்துடி."

பாட்டு தொடர்ந்தது. பிறகு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். பிறகு அந்த வரியின் பாதியை மட்டும். பிறகு நின்றது.

அப்பாடா என்று நான் நினைத்தேன். கீழே துணி கிழிக்கிறவன்கூட அப்படித்தான் நினைத்திருப்பான்.

பலகைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. "டீச்சரு, பாட்டு ஏன் நின்னுது?"

"நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?"

"நான் சொல்லி அவ எப்ப நிறுத்தியிருக்கா?"

அந்தக் கேள்வி எனக்குப் புரிவதற்குள் அவர் மொட்டைமாடியில் ஓடிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. உள்தாழ் போட்ட கதவை விட்டுவிட்டுப் பக்கத்துப் பலகைச் சுவரைக் காலால் உதைத்தார். பிரசவத்துக்கென்று வயலும் வரப்பும் நடந்து உரமேறின கால். மூன்றாவது உதையில் சட்டத்தோடு பலகைகள் பெயர்ந்து உள்ளே விழுந்தன. நெஞ்சுக்கு மேலே கட்டின பாவாடையோடு, ஈரத் தலையோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் சரோஜா. கண் பாதி மூடியிருந்தது. முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை.

அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்து மொட்டைமாடி நடுவில், கொட்டுகிற மழையில் போட்டார். நான் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு ஓடினேன். "மூடாத" என்று கத்தினார். ஆட்கள் மேலே ஏறி வந்து குடை பிடித்தார்கள். "குடைய மடக்கு. தள்ளு. எல்லாரும் தள்ளுங்க, அவளுக்கு வேண்டியது உங்க மூச்சு இல்ல." குனிந்து அவள் மார்பை அழுத்தினார், வாயில் வாய் வைத்து ஊதினார், கன்னத்தில் அறைந்தார், மறுபடி ஊதினார். குழந்தைகளுக்குச் செய்து பழகின வேலை, ஒரு பெரிய மனுஷிக்கு. எத்தனை நேரம் என்று தெரியாது. மழை அவர் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது.

சரோஜா இருமினாள். வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து எங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "எந்த வரியில விட்டேன்?" என்றாள்.

நர்ஸம்மா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். "பாடு" என்றார்.

"ஆங்?"

"வுட்ட எடத்துலேர்ந்து பாடு. தூங்கன, கொன்னுடுவேன்."

அன்று சாயங்காலம் வரைக்கும் சரோஜா பாடினாள். ஜட்கா வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதும் பாடினாள். தலைவலியில் அழுதுகொண்டே பாடினாள். நிறுத்தினால் நர்ஸம்மா தோளில் தட்டுவார். கடைத்தெரு வரலாற்றில் அவ்வளவு மோசமான பாட்டு கேட்டதில்லை. நான் நடந்துகொண்டே தேம்பித் தேம்பி அழுதேன். பாட்டு நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான்.

திரும்பி வந்த பிறகுதான் நர்ஸம்மா மேலே நிமிர்ந்து பார்த்தார். மழை விட்டிருந்தது. குழாயின் உச்சியில் முறுக்கு மீசையோடு அந்தப் பானை அவரையே முறைத்துக்கொண்டிருந்தது. ஏணி ஏறிப் பானையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். அதிலிருந்து மல் துணி தொங்கியது. நேராகக் கடைக்குள் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

முதலாளி பயந்திருப்பார், மன்னிப்புக் கேட்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் பானையைப் பார்த்ததும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா நர்ஸம்மா? எவ்ளோ பெரிய கண்டம். நல்ல வேளையா காலைலயே பானைய வெச்சேன். இல்லன்னா அந்தப் பொண்ணு உயிரே போயிருக்கும்."

கடையில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒரு கிழவர், "பானை வாங்கிக்கிச்சு" என்றார்.

நர்ஸம்மா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஜில்லாவின் முக்கால்வாசிக் கோபம் ஒரே தொண்டையில் வந்து அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அன்றுதான் பார்த்தேன். பானையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினார். முதலாளி குனிந்தார். ஆனால் அவர் திரும்பி, தெருவுக்கு வந்து, நாலு தெரு கூடும் முனையில் போய் நின்று, ஓங்கித் தரையில் போட்டு உடைத்தார். ஓடு சிதறியது. மீசை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்.

பிறகு வெற்றிலைக்கடைக்காரர் வெளியே வந்து கையைக் குவித்தார். "அமாவாசையும் அதுவுமா முச்சந்தில ஒடச்சீங்க, நல்லது. திருஷ்டி கழிஞ்சுது" என்றார். ஒரு அம்மாள் ஓட்டை மிதித்துவிடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். முதலாளி உள்ளேயிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பழத்தைப் பிடுங்கி எறிந்தேன். அதையும் அவர்கள் சடங்கின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிரவு நர்ஸம்மா எங்கள் அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சரோஜா ஆஸ்பத்திரியில் நலமாக இருந்தாள். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"பனமலை பக்கத்துல ஒரு வூட்ல நான்தான் பிரசவம் பாத்தேன். ஆணு. நல்லா அழுதுது. பச்ச ஒடம்புக்குக் குளிரு ஆவாதுன்னு கட்லு கீழ கரி சட்டிய வெச்சு, சன்னல்ல கோணிய திணிச்சுட்டாங்க. வேணாம்னுதான் சொன்னேன். மெதுவா சொன்னேன். புது வேல, வயசு கம்மி, பெரியவங்க இருந்தாங்க. காலைல போறேன், ரெண்டு பேரும் தூங்கறாங்க. ஒதடு செவந்து அவ்ளோ அழகா இருந்தாங்க டீச்சரு. ஒடம்பு நல்லா தேறிடுச்சுன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன்."

எழுந்துகொண்டார். "அதுக்கப்பறம் நான் எதயும் மெதுவா சொல்றதில்ல."

முதலாளி ஒரு வாரம் கழித்துச் சுயரூபத்துக்கு வந்தார். சுவரை உடைத்ததற்காக நர்ஸம்மா அறையைக் காலி செய்யவேண்டும் என்றார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து காலி செய்வோம் என்று நான் கத்தினேன். அவர் சட்டை செய்யவில்லை, செஞ்சியில் தனியாக இருக்கிற பெண்களுக்கு வேறு யார் வீடு கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நர்ஸம்மாவே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார், கள்ளக்குறிச்சிப் பக்கம். உடைந்த சுவரை முதலாளி அடைக்கவேயில்லை. பலகை இல்லை என்றார். அந்தப் பெரிய ஓட்டைக்குக் குறுக்கே ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நாங்கள் குளித்தோம். அதற்கு நர்ஸம்மா ஜன்னல் என்று பெயர்.

அவர் போன நாளும் தூறல். பஸ்ஸில் தார்ப்பாய்ப் படுதாக்களை இறக்கிக் கட்டியிருந்தார்கள். நர்ஸம்மா ஏறி உட்கார்ந்ததும் தன் பக்கத்துப் படுதாவை அவிழ்த்துச் சுருட்டினார். பக்கத்து ஆள், "யம்மா, சாரல் அடிக்குது" என்றார்.

"சாரல்ல எவனும் சாவல" என்றார். கண்டக்டர் வந்து ஏதோ சொன்னார். அவருக்கும் கிடைத்தது.

நான் கீழே நின்று, நனைந்துகொண்டே, அவருடைய மருந்துப் பையை எடுத்துக் கொடுத்தேன். சரோஜா ஆபீசுக்குப் போயிருந்தாள். அழுதுவிடுவோம் என்று வரவில்லை. எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, எல்லாம் கோபமாகவே இருந்தது, முதலாளி மேல், ஊர் மேல், கிளம்பப் போகிற இந்த பஸ் மேல்.

பஸ் நகர்ந்தது. அவர் படுதாவைத் தள்ளிக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"டீச்சரு, அவ குளிக்கறப்ப நீ வெளிய குந்திக்கினு பாட்ட கேட்டுக்கினே இரு. நல்லாத்தான் பாடறா. அவகிட்ட சொல்லிடாத."